நாயகரின் மனசாட்சியும் சிறுபான்மையின் வாதமும்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் மேலாளராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். 'போர்கன்' என்ற டென்மார்க் நாட்டு அரசியல் தொடரை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தார். "கடைசி பாகத்தை மட்டுமாவது பாருங்கள் சார். அது அப்படியே நம்ம பாலாற்றுக் கதை" என்றார். ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? எட்டு அத்தியாயங்களையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். மாணவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஏன் பொருந்தவில்லை என்று யோசிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

2022-இல் வெளிவந்த அந்தப் பாகத்தில், டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்தில் எண்ணெய் வளம் கண்டறியப்படுகிறது. வெளியுறவு அமைச்சர் பிர்கிட்டே நியூபோர்க், பருவநிலைப் பாதுகாப்பை வலியுறுத்தும் கட்சியின் தலைவர். முதலில் எண்ணெய் எடுப்பதை எதிர்க்கிறார். பிறகு பதவியைத் தக்கவைத்துக்கொள்ளத் தம் நிலைப்பாட்டைத் தலைகீழாக மாற்றிக்கொள்கிறார். கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே அவர் படும் பாடுதான் தொடரின் மையம். என் மாணவரைக் கவர்ந்ததோ வேறொன்று. கிரீன்லாந்துக்காரர்களுக்கு அந்த எண்ணெய், டென்மார்க்கின் மானியத்தை எதிர்பார்க்காமல் தனி நாடாக நிற்பதற்கான வழி. கோபன்ஹேகனின் இலட்சியம் பருவநிலை என்றால் அவர்களுடைய இலட்சியம் விடுதலை. சிறுபான்மையினருக்கு வேதனை மட்டும் இருப்பதாகக் காட்டாமல், அவர்களிடம் ஒரு வாதமும் இருப்பதாகக் காட்டிய தொடர் அது. அத்தகைய தொடர்கள் மிகக் குறைவு.

வழக்கமான முறை என்ன என்பதற்கு, இந்த வகைத் தொடர்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதப்படும் அமெரிக்காவின் 'தி வெஸ்ட் விங்' தக்க சான்று. 1999 முதல் 2006 வரை ஏழு பாகங்களாக ஒளிபரப்பான அத்தொடரின் நாயகர், குடியரசுத் தலைவர் பார்ட்லெட். அவர் முன்னாள் பேராசிரியர். பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்றவர். (பொருளாதார ஆசிரியர் ஒருவரை இவ்வளவு வசீகரமானவராக வேறு எந்தக் கதையும் காட்டியதாக எனக்கு நினைவில்லை, ஆகவே அத்தொடர் மீது எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.) 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் மூன்றே வாரங்களில், அக்டோபர் 3 அன்று, தனி அத்தியாயம் ஒன்றை ஒளிபரப்பினார்கள். வெள்ளை மாளிகையில் பணிபுரியும் அரபு வம்சாவளி ஊழியர் ஒருவர் பெயர்க் குழப்பத்தால் சந்தேகத்துக்குள்ளாகிறார். தலைவரின் நெருங்கிய ஆலோசகர் அவரைக் கடுமையாக விசாரிக்கிறார். அவர் குற்றமற்றவர் என்று தெரிந்ததும், ஆலோசகர் சங்கடத்தோடு அவருடைய மேசைக்கு வந்து, மன்னிப்பு என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட அத்தியாயம்தான். ஆயினும் கேமரா யாருடைய முகத்தில் நிற்கிறது என்று கவனித்தால், கதை அந்த ஊழியரைப் பற்றியது இல்லை என்பது விளங்கும். ஆலோசகரின் மனசாட்சிக்கு ஒரு தேர்வு வைக்கப்படுகிறது; வினாத்தாளாக வந்தவர் அந்த ஊழியர். அடுத்த அத்தியாயத்தில் அவருக்கு வேலையில்லை.

இது எழுதியவர்களின் கெட்ட எண்ணம் என்று நான் கருதவில்லை. தொடர் என்ற வடிவத்தின் பொருளாதாரமே அப்படி. பார்வையாளரை வாரந்தோறும் திரும்ப வரவழைக்க நிரந்தரமான ஒரு முகம் வேண்டும். அந்த முகத்துக்குள் போராட்டம் நடக்க வேண்டும். ஆகவே கொள்கை, நடைமுறை இரண்டும் ஒரே நெஞ்சின் இரு குரல்களாகின்றன. மாற்றுக் கருத்து உடையவர் ஓர் அத்தியாயத்துக்கு வந்து, நாயகரை உலுக்கிவிட்டு வெளியேறுகிறார். அவர் தம் வீட்டுக்குப் போய் என்ன பேசினார், அவருடைய தம்பி அதை மறுத்தாரா, அவர்கள் தெருவில் எத்தனை கட்சி என்பதற்கெல்லாம் நிமிடங்கள் ஒதுக்கப்படுவதில்லை. இலட்சியமும் சமரசமும் பெரும்பான்மையின் தலைவருக்கு மட்டுமே உரிய ஆடம்பரங்கள் என்ற எண்ணம் இப்படித்தான் நம்மையறியாமல் படிகிறது.

இந்த வடிவத்தை நம் நாட்டில் மீறிப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. 2014 மார்ச்சில் மாநிலங்களவைத் தொலைக்காட்சியில் ஷியாம் பெனகல் இயக்கிய 'சம்விதான்' பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அரசியலமைப்புச் சட்டம் உருவான கதை. அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களே அதன் கச்சாப் பொருள் என்பதால், ஒற்றை நாயகருக்கு அங்கே இடம் குறைவு. அப்போது நான் பணியில் இருந்தேன். சில பகுதிகளை வகுப்பில் திரையிட்டு, அதோடு சபையின் விவாதப் பதிவுகளிலிருந்து சில பக்கங்களைப் படியெடுத்துக் கொடுத்தேன். மாணவர்களில் கணிசமானோர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எனவே 1949 மே மாதம் நடந்த சிறுபான்மையினர் பிரதிநிதித்துவ விவாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த விவாதத்தில் மூன்று முஸ்லிம் உறுப்பினர்கள் மூன்று வழிகளைச் சொன்னார்கள். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில், முஸ்லிம் பிரதிநிதிகளை முஸ்லிம் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் முறையையும் இடஒதுக்கீட்டையும் கேட்டார். அவர் தோல் வணிகத்தில் இருந்தவர். அச்சபையில் தமிழுக்காகவும் பேசியவர். ஐக்கிய மாகாணத்தின் பேகம் ஐஜாஸ் ரசூல், சபையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினர். சட்டமன்ற இடஒதுக்கீடு சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து பிரித்தே வைத்திருக்கும், அது வேண்டாம் என்றார். அதே மாகாணத்தின் இசட்.எச். லாரி இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒன்றை முன்வைத்தார்: ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள், வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் விரும்பினால் ஒருவருக்கே குவித்துப் போடலாம். மதத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதாமலேயே சிறுபான்மைக் கருத்துக்கு இடம் கிடைக்கச் செய்யும் உத்தி அது. தேர்தல் முறைகளைப் பாடமாக நடத்துபவர்கள் இன்றும் வியக்கக்கூடிய யோசனை. மூன்றில் ஐஜாஸ் ரசூலின் கருத்தோடு சபையின் முடிவு ஒத்துப்போயிற்று. மற்ற இரண்டும் தோற்றன.

வாணியம்பாடியிலிருந்து வந்த மாணவி ஒருவர் எழுந்து, "மூன்று பேரும் ஒரே சமூகம்தானே சார், ஏன் மூன்று விதமாகப் பேசினார்கள்?" என்று கேட்டார். "உங்கள் வீட்டில் எத்தனை ஓட்டு, எத்தனை கட்சி?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "ஐந்து ஓட்டு, மூன்று கட்சி" என்றார். வகுப்பு சிரித்தது. அன்றைய பாடம் அத்துடன் முடிந்ததாகவே எனக்குத் தோன்றிற்று.

யார் கருத்து சரி என்பதை நான் இங்கே தீர்ப்பளிக்க வரவில்லை. தனி வாக்காளர் முறை பிரிவினையின் காயம் ஆறாத நாளில் சபையால் ஏற்க முடியாததாக இருந்தது என்பதே என் எண்ணம். நான் சுட்ட விரும்புவது வேறு. இஸ்மாயிலின் நிலைப்பாடு கொள்கைப் பிடிவாதம் என்றால், ஐஜாஸ் ரசூலின் நிலைப்பாட்டை நடைமுறை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? பொதுத் தொகுதியில் எல்லாரிடமும் ஓட்டுக் கேட்டு வெல்வோம் என்று 1949-இல் நம்புவதற்கு இலட்சியம் வேண்டாமா? அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டும் கலந்தே இருந்தன. ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்குள் நடந்த அந்த வாதம், ஒரு பிரதமரின் மனப்போராட்டத்தை விடச் சுவை குறைந்ததா?

அந்த வாதம் எங்கள் ஊரில் வேறு வடிவில் தொடர்ந்தது. தோற்றவர்கள் களத்தைவிட்டுப் போகவில்லை. 1948 மார்ச்சில் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. தனித் தொகுதி முறை இல்லாத நாட்டில் தேர்தல் அரசியலை அது கற்றுக்கொண்டது. கூட்டணி கற்றது. 2004-இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் லீக்கின் காதர் மொகிதீன் வென்றார். 2009-இல் அப்துல் ரகுமான் வென்றார். இருவரும் நின்றது உதயசூரியன் சின்னத்தில். 2014-இல் அப்துல் ரகுமான் கட்சியின் சொந்தச் சின்னமான ஏணியில் நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார். தோல்விக்குச் சின்னம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு தமிழகம் முழுவதும் அ.தி.மு.க. அலை. இருந்தாலும் அந்தக் கணக்கை எண்ணிப் பாருங்கள். பெரிய கட்சியின் சின்னம் கிராமத்து மூதாட்டிக்கும் தெரியும். அதைப் பெற்றுக்கொண்டால் வெற்றி அருகில் வரும். ஆனால் வென்றவர் சட்டத்தின் கண்ணில் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர்; அதன் கொறடா உத்தரவு அவரைக் கட்டும். எந்தக் கருத்தைப் பேசுவதற்காக அவையில் இடம் கேட்டோமோ, அந்தக் கருத்தில் ஒரு பங்கை இடத்துக்கான விலையாகக் கொடுக்க வேண்டும். சிறிய கட்சியின் அலுவலகத்தில், வேட்புமனுவுக்கு முந்தைய இரவு, சூரியனா ஏணியா என்று நடக்கும் விவாதத்தை எந்தத் தொடராவது காட்டியிருக்கிறதா? நான் பார்த்தவற்றில் இல்லை. போர்கனின் முதல் பாகங்கள் மட்டுமே கொஞ்சம் கிட்டத்தில் வருகின்றன. 179 இடங்கள் கொண்ட டென்மார்க் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மைக்குத் தேவையான 90 என்ற எண்ணை அத்தொடர் மறப்பதே இல்லை. அந்த 179-இல் கிரீன்லாந்துக்கு இரண்டு இடங்கள்.

2019-இல் எங்கள் தொகுதி இன்னொரு காட்சியைத் தந்தது. பணப் பட்டுவாடா புகாரால் ஏப்ரலில் ரத்தான தேர்தல் ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. மக்கள் வரிசையில் நின்ற அதே நாளில்தான் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறிற்று. முடிவு 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் தீர்மானமாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பகுதிகளில் தி.மு.க. வேட்பாளருக்குக் கிடைத்த முன்னிலை மற்ற பகுதிகளின் பின்னடைவை ஈடுசெய்தது. களத்தில் இருந்த இரண்டு முக்கிய வேட்பாளர்களும் முஸ்லிம்கள் அல்லர். தம்மவர் என்று ஒருவர் இல்லாத தேர்தலில், எது குறைந்த தீங்கு, எது அதிகப் பயன் என்று கணக்கிட்டு ஓட்டுப்போட்டவர்களை 'ஓட்டு வங்கி' என்ற சொல்லால் முடித்துவிடுகிறோம். அதே கணக்கை ஒரு தொடரின் நாயகர் போட்டால் 'அரசியல் முதிர்ச்சி' என்போம்.

தமிழில் நிலைமை என்ன? மாலை நேரத் தொலைக்காட்சித் தொடர்கள் குடும்பத்தைவிட்டு வெளியே வருவதில்லை. அரசியல் இணையத் தொடர்களில்தான் நுழைந்தது. 2019-இல் வந்த 'குயின்', திரை நட்சத்திரமாக இருந்து முதல்வரான ஒரு பெண்ணின் தனி வாழ்க்கையில் பெரும்பகுதியைச் செலவிட்டது. 2024-இல் வசந்தபாலன் இயக்கிய 'தலைமைச் செயலகம்' இன்னும் துணிவானது. ஊழல் வழக்கின் தீர்ப்பை எதிர்நோக்கும் முதல்வர், நாற்காலிக்காகக் காத்திருக்கும் குடும்பத்தார், இன்னொரு பக்கம் ஜார்க்கண்டில் நடந்த பழைய கொலையைத் துருவும் புலனாய்வு. பார்க்கத் தகுந்த தொடர். ஆயினும் அதில் இலட்சியம் என்பது ஒருவரின் இறந்தகாலத்தில் கிடக்கும் இரத்தக்கறை. நடைமுறை என்பது அரண்மனைக்குள் நடக்கும் வாரிசுச் சண்டை. இரண்டுக்கும் நடுவே, அன்றாடம் வாதாடிக்கொண்டிருக்கும் சாதாரண மனிதர்களுக்கான இருக்கை காலியாகவே இருக்கிறது.

எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. 1988-இல் பிரிவினைக் காலக் கலவரத்தைச் சித்திரித்த 'தமஸ்' தூர்தர்ஷனில் வந்தபோது தடை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். உச்சநீதிமன்றம் தடை தர மறுத்தது. எளிதில் சலனப்படும் மனத்தை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது, உறுதியான மனம் படைத்த நியாயமான மனிதரை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்தை ஏற்றது. 2021-இல் 'தாண்டவ்' என்ற இந்தித் தொடரின்மீது பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. தயாரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டுக் காட்சிகளைத் தாங்களே வெட்டினார்கள். இதற்குப் பிறகு எழுத உட்காருபவர் எதைத் தவிர்ப்பார் என்பதைக் கணிக்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. சிறுபான்மைப் பாத்திரத்தைப் பாதிக்கப்பட்டவராகவோ தியாகியாகவோ காட்டுவது பாதுகாப்பானது. வாதாடுபவராக, தவறும் செய்பவராக, தம்மவரோடு சண்டையிடுபவராகக் காட்டினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கல் விழும்.

இனி மாணவர் சொன்ன பாலாற்றுக் கதைக்கு வருகிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 சதவீதம் தமிழகத்தினுடையது என்ற குறிப்பும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது இந்த ஊர் வழக்கால்தான். தொடர்ந்து அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்ச் சொச்சம். அதன்பிறகும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம், நிலுவை இழப்பீட்டை ஆறு வாரத்தில் வழங்கவும், முன்னாள் உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் நான்கு மாதத்தில் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியிருந்தது.

திரைக்கதை எழுதுபவர் கையில் இது கிடைத்தால் பாத்திரங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். நேர்மையான நீதிபதி, தந்திரமான முதலாளி, கண்ணீரோடு விவசாயி, நடுவில் தவிக்கும் இளம் ஆட்சியர். கடைசியில் ஆட்சியர் தம் மனசாட்சியின்படி முடிவெடுப்பார். நாம் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

என் மாணவரின் வீடு அந்தத் திரைக்கதைக்குள் அடங்காது. அவருடைய தந்தைக்குப் பாலாற்றங்கரையில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. கிணற்று நீர் உப்பாகி, தென்னை ஒவ்வொன்றாகப் பட்டுப்போயிற்று. அவர் வழக்கின் பக்கம். தாய் விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து ஷூ தைக்கப் போனவர். அந்தச் சம்பளத்தில்தான் மகன் என் வகுப்புக்கு வந்தார். ஆலையை மூடினால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்டவர் அவர். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். இழப்பீட்டு விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் தாய்தான், தந்தைக்குக் காலில் வலி. இன்று மகன் கம்பெனியின் நாற்காலியில் அமர்ந்து, வெளிநாட்டு வாங்குநர்கள் கேட்கும் சுற்றுச்சூழல் சான்றுகளுக்குப் பதில் தயாரிக்கிறார். சொந்தமாகச் சுத்திகரிப்பு வசதி வைக்கப் பணமில்லாத சிறிய தோல் பதனிடுவோர் இன்னொரு தரப்பு. பதனிடும் தொட்டியில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர்; பூமியும் இல்லாததால் இழப்பீட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் தொகுதியில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. இந்த ஊரில் அவர்களைவிடச் சிறிய சிறுபான்மை எது?

தொடரைப் பார்த்து முடித்த பிறகு மாணவரை அழைத்தேன். கிரீன்லாந்து மக்கள் எண்ணெய் வேண்டும் என்று கேட்பதாகத் தொடர் காட்டினாலும், நிஜக் கிரீன்லாந்தில் நடந்தது வேறு என்று சொன்னேன். அத்தொடர் வெளியாவதற்கு முந்தைய ஆண்டே, 2021 ஜூலையில், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிரீன்லாந்து அரசு இனிப் புதிய எண்ணெய்த் தேடல் உரிமங்கள் தருவதில்லை என்று தானே முடிவெடுத்தது. வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அதே ஊர்க்காரர்கள். ஓட்டுப்போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அதை ஏன் சார் காட்டவில்லை?" என்றார். "அப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இதை அவரிடம் சொன்னால், பார்த்தாயா என்று என்னிடம் சண்டைக்கு வருவார். அம்மா விடமாட்டார்."